எதிர்நீரில் படகு நகரவில்லை: பெரிய புரொப்பெல்லர் போடலாமா?

மலேசியாவின் பந்திங்கிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். செம்பனை ஆலையில் பிட்டர் வேலை. ஓய்வுபெற இன்னும் ஈராண்டு இருக்கிறது. தம்பியும், தோட்டத்துப் பள்ளியில் உடன் படித்த நண்பர் ஒருவரும் சேர்ந்து, ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் 30 அடிப் பாய்மரப் படகை வாங்கியிருக்கிறார்கள். நீர்மட்டத்தில் அதன் நீளம் 25 அடி, எடை ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. 20 குதிரைச் சக்தி யான்மார் டீசல் இன்ஜின், உச்சத்தில் நிமிடத்துக்கு 3600 சுற்று, கியர்பாக்ஸ் 2.62க்கு 1, இரண்டு பிளேடு புரொப்பெல்லர், அளவு 15க்கு 10. படகு நிற்பது கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில்.

பங்கோர் தீவிலிருந்து திரும்பிவந்த நாள் பௌர்ணமிக்கு மறுநாள். ஆற்றுக்குள் நுழையும்போது நீர் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. எதிரே கரைக்காற்றும் இருந்தது. விசையை முழுக்கத் தள்ளியும் இன்ஜின் 2900 சுற்றைத் தாண்டவில்லை, பின்னால் கரும்புகை. ஜிபிஎஸ் காட்டியது 1.5 நாட், அதாவது மணிக்கு 1.5 கடல் மைல். 3 கடல் மைலுக்கு இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் 45 அடி மர மீன்பிடிப் படகு ஒன்று இவர்களை அலட்சியமாகக் கடந்து போயிருக்கிறது. படகில் வந்த மனைவி இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

அதன்பிறகு ஆளுக்கொரு யோசனை. மீன்பிடிப் படகுகளுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர் 16க்கு 13 அளவில் மூன்று பிளேடு போடச் சொல்கிறார். படகுத்துறையில் ஒருவர், பாயில் ஓடும்போது பிளேடு மடங்கிக்கொள்ளும் புரொப்பெல்லர்தான் சரி என்கிறார். தம்பிக்கு 40 குதிரைச் சக்தி இன்ஜின் வேண்டும். 'நீரோட்டத்தை எதிர்த்து இழுக்கக்கூடிய புரொப்பெல்லர் எது?' என்பது வாசகரின் கேள்வி. கடிதத்தின் கடைசியில், படகைக் கரையேற்றி அடிப்பகுதியைச் சுரண்டி ஐந்து மாதம் ஆகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி.

ஐயா, அந்தக் கலவரத்திலும் 2900 என்ற எண்ணைக் குறித்து வைத்தீர்களே, பிட்டர் புத்தி அது. மற்ற விவரம் எதுவும் இல்லாமல் அந்த ஓர் எண் மட்டும் வந்திருந்தாலும் பதிலில் பாதியை எழுதியிருப்பேன். அதற்கு வருகிறேன்.

முதலில் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. நீரோட்டம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது உங்கள் புரொப்பெல்லருக்குத் தெரியாது. உங்கள் ஆலையில் ஓடும் கன்வேயர் பெல்ட்டில் எதிர்த்திசையில் ஓர் எறும்பு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஓடினாலும் நின்றாலும் எறும்பின் காலுக்கு ஒரே உழைப்புதான். தூணைப் பார்த்து அளக்கிற நமக்குத்தான் அது நகரவில்லை என்று தோன்றும். படகும் அப்படித்தான், மிதக்கிற நீரோடு சேர்ந்து அதுவும் அடித்துச் செல்லப்படுகிறது. காற்றும் அலையும் ஒன்றுபோல் இருந்தால், அதே விசையில், நீரோடு போனாலும் எதிர்நீரில் போனாலும் இன்ஜின் ஒரே சுற்றுதான் சுற்றும். நீரைக் கிழித்துப் போகும் வேகமும் ஒன்றுதான். எதிர்நீருக்கென்று தனிப் புரொப்பெல்லர் எதுவும் கிடையாது. அன்று கரும்புகை வந்ததற்கு நீரோட்டம் காரணமில்லை.

அப்படியானால் புரொப்பெல்லர் முக்கியமில்லையா என்றால், மிக முக்கியம். ஆனால் காரணம் வேறு. அன்று எதிர்நீர் 3.5 நாட் என்று வைத்துக்கொள்வோம். ஜிபிஎஸ் 1.5 காட்டியதென்றால் படகு நீரில் 5 நாட் போயிருக்கிறது. உங்கள் படகு சரியான நிலையில் 6.2 போகக்கூடியது. கூடுவது 1.2 நாட் மட்டும்தான், ஆனால் கரையைப் பார்த்து அளக்கும்போது 1.5 என்பது 2.7 ஆகிவிடும். இரண்டு மணி நேரம் இழுத்த அந்த 3 மைல் ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அமைதியான நீரில் கண்ணில் படாத சின்னக் குறை எதிர்நீரில்தான் பூதாகாரமாகத் தெரிகிறது. பழி நீரோட்டத்தின் மேல் விழுவது அதனால்தான்.

2900 என்ன சொல்கிறது

டீசல் இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் பொருத்தம் பார்க்க ஒரே ஒரு விதிதான். அமைதியான நீரில், சுத்தமான அடிப்பகுதியோடு, வழக்கமான சுமையோடு, முழு விசையில் ஓடும்போது இன்ஜின் தன் உச்சச் சுற்றை எட்ட வேண்டும். உங்களுக்கு அது 3600. எட்டவில்லை என்றால் புரொப்பெல்லர் இன்ஜினுக்கு மேல் சுமையாக இருக்கிறது, அல்லது இன்ஜினுக்கே மூச்சு முட்டுகிறது. எளிதாகத் தாண்டிப் போனால் புரொப்பெல்லர் சிறியது. நீங்கள் 700 சுற்று குறைவாக நின்றிருக்கிறீர்கள், கரும்புகையோடு. காற்றும் அலையும் அதில் கொஞ்சத்தைத் தின்றிருக்கலாம். எதிர்க்காற்றிலும் குட்டை அலையிலும் படகின் வேகம் நிஜமாகவே குறையும், புரொப்பெல்லர் அதிகமாக வழுக்கும் (சுற்றுகிற அளவுக்கு முன்னேறாது), இன்ஜினுக்கும் சுமை ஏறும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதினால் அலை இன்னும் செங்குத்தாகும். ஆனால் அன்று காற்று கரையிலிருந்து கடலுக்கு, நீரும் வடிந்து கடலுக்கு. இரண்டும் ஒரே திசை. பெரிய அலை எழும்பியிருக்க வழியில்லை. 700 சுற்றுக்கு அந்தக் காற்று மட்டும் கணக்குச் சொல்லாது.

எனக்குச் சந்தேகம் அந்த ஐந்து மாத வரியின் மேல். நம் ஊர் வெதுவெதுப்பான நீரில், நின்றுகொண்டே இருக்கும் படகில், சில வாரத்திலேயே கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பிடிக்க ஆரம்பித்துவிடும். படகின் அடியில் பிடிப்பது ஒரு பங்கு தொல்லை என்றால் பிளேடின் மேல் பிடிப்பது பல பங்கு தொல்லை. புரொப்பெல்லர் வேலை செய்வது பிளேடின் வளைவை நம்பி. அந்த வளைவின்மேல் சொரசொரவென்று ஓடு முளைத்தால் சுற்றுவதற்கு அதிகச் சக்தி போகும், தள்ளும் சக்தியோ குறையும். சுற்று குறைவு, கரும்புகை, வேகமின்மை: மூன்றும் ஒன்றாக வரும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அது உங்கள் ஆலையோடு சம்பந்தப்பட்டது. பம்பில் வாங்கும் டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது. 2019இல் வாகன டீசலுக்குப் பத்து விழுக்காட்டைக் கட்டாயமாக்கினார்கள். அது ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் அடியில் நீரும் பாசி போன்ற கசடும் சேரும். துறைமுகத்தில் அசையாமல் நிற்கும்வரை தெரியாது. பங்கோரிலிருந்து ஆடிக்கொண்டே வந்த பயணத்தில் கலங்கி ஃபில்டரை அடைத்திருக்கும். ஆனால் ஃபில்டர் அடைப்பில் சுற்று குறையுமே தவிர, டீசல் போதாமல் ஓடும் இன்ஜின் பெரும்பாலும் கரும்புகை விடாது. எனவே இதை இரண்டாவது சந்தேகமாகத்தான் வைக்கிறேன்.

கடைக்காரர் சொன்ன 16க்கு 13

இதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். 15க்கு 10 என்றால் விட்டம் 15 அங்குலம், பிட்ச் 10 அங்குலம்; அதாவது வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் 10 அங்குலம் முன்னேறும். 3600ஐ கியர்பாக்ஸின் 2.62ஆல் வகுத்தால், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1374 சுற்று. ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 72,900 அங்குலம். கணக்குப் போட்டால் வழுக்கலே இல்லாத வேகம் 11.3 நாட். பாய்மரப் படகில் வழுக்கல் 45 விழுக்காடு வரை சாதாரணம். அதைக் கழித்தால் 6.2. உங்கள் படகுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. 13 பிட்ச் போட்டால் இதே கணக்கு 14.7 நாட்டுக்குப் போகும். ஆனால் படகு அங்கே போகாது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் உடல் கொண்ட படகுக்கு நீர்மட்ட நீளமே வேக எல்லை விதிக்கிறது: அடிக்கணக்கில் எடுத்த அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். 25க்கு வர்க்கமூலம் 5, எல்லை 6.7 நாட். உங்களைக் கடந்து போன மீன்பிடிப் படகின் நீர்மட்ட நீளம் 42 அடி என்று வைத்தாலும் அதன் எல்லை 8.7. அது அலட்சியமாகப் போனது அதன் நீளத்தாலும் அதற்கேற்ற இன்ஜினாலும். கடையில் வாங்கிய புரொப்பெல்லரால் மட்டும் இல்லை.

விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டுவது ஏறத்தாழ இரண்டு மூன்று அங்குலப் பிட்ச் கூட்டுவதற்குச் சமமான சுமை. அதற்குமேல் 3 அங்குலப் பிட்ச், அதற்குமேல் ஒரு பிளேடு. இப்போதே 2900இல் திணறுகிற இன்ஜின் அதைக்கூட எட்டாது. மேல்சுமையோடு தொடர்ந்து ஓட்டினால் புகைபோக்கியின் சூடு ஏறும், வால்வில் கரி படியும், எண்ணெய் சீக்கிரம் கெடும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிளேடு நுனிக்கும் படகின் உடலுக்கும் நடுவே விட்டத்தில் 15 விழுக்காடாவது இடைவெளி இருப்பது நல்லது. 15 அங்குலத்துக்கே 2¼ அங்குலம் வேண்டும். 16 போட்டால் அந்த இடைவெளி இருக்கிறதா என்று கடையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெரிய இன்ஜினும் கனத்த உடலும் கொண்ட இழுவைப் படகுகளுக்கு அவர் சொல்வது பலித்திருக்கும்.

காசு செலவழிக்கும் முன்

கரையேற்றுங்கள், அல்லது ஆள் இறக்கிச் சுரண்டுங்கள். ஆள் இறங்கினால் நீர் நிற்கும் நேரத்தில் மட்டும். இன்ஜின் சாவி இறங்குகிறவர் கையில் இருக்கட்டும், படகில் வேண்டாம். சுரண்டியதும் புரொப்பெல்லரின் நடுக்குமிழில் அச்சடித்திருக்கும் அளவைப் படியுங்கள். விற்றவர் 15க்கு 10 என்று சொன்னார் என்பதும் 15க்கு 10 என்று அங்கே எழுதியிருப்பதும் ஒன்றில்லை. பிளேடு நுனி வளைந்திருக்கிறதா, ஷாஃப்ட் கையால் இலகுவாகச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, டேங்கின் அடியிலிருந்து ஒரு போத்தல் வடித்துப் பாருங்கள்.

பிறகு சோதனை ஓட்டம். பாய்மரப் படகுகளில் சுற்றுக் காட்டும் முள் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்து கணக்கிடுவது. நூறு, இருநூறு சுற்று பொய் சொல்லும். உங்கள் ஆலைப் பட்டறையில் மோட்டார் வேகம் பார்க்கும் ஒளி டாக்கோமீட்டர் இருக்குமே, ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிராங்க் புல்லியில் ஒரு துண்டு பளபளப்பு டேப் ஒட்டினால் போதும். நீர் நிற்கும் நேரத்தில், காற்றில்லாத காலையில், முழு விசையில் மூன்று நான்கு நிமிடம் ஓட்டி எண்ணைக் குறியுங்கள். அப்படியே திரும்பி எதிர்த்திசையிலும். இரண்டு ஜிபிஎஸ் வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மிச்சம் ஓடுகிற நீரோட்டம் கழிந்து உண்மை வேகம் கிடைத்துவிடும்; ஒரு பக்கம் 4.8, மறு பக்கம் 6.8 என்றால் உங்கள் படகு 5.8 நாட் போகிறது.

படகுத்துறையில் கயிற்றால் கட்டிவைத்து முழு விசை கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படகு நகராதபோது சரியான புரொப்பெல்லர்கூட இன்ஜினை உச்சச் சுற்றுக்கு விடாது. தவறான முடிவுக்கு வருவீர்கள், மிதவைத் துறையின் போல்ட்டும் இளகும்.

என் கணிப்பு, சுத்தம் செய்ததும் 3400க்கு மேல் எட்டிவிடும். 3500, 3600 வந்தால் இருக்கிற புரொப்பெல்லரே உங்களுக்குப் போதும். சுத்தமாக இருந்தும் 3200இலேயே நின்றால், புதிதாக வாங்கும் முன் புரொப்பெல்லர் பட்டறையில் கொடுத்துப் பிட்ச்சை ஓர் அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். வெண்கலத்தில் அது செய்யக்கூடிய வேலைதான்.

இரண்டு பிளேடா, மூன்றா, மடங்குவதா

மாற்றத்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு நிலையான மூன்று பிளேடுக்கு. எதிர்க்காற்றிலும் அலையிலும் இரண்டைவிட நன்றாகப் பிடிக்கும், அதிர்வு குறையும், பின்னோக்கிக் கொடுத்தால் படகு சீக்கிரம் நிற்கும். நீர் ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் துறை கட்டும்போது இந்தக் கடைசிக் குணம் விலைமதிப்பில்லாதது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது விட்டத்தை ஐந்து விழுக்காடு அளவுக்குக் குறைக்க வேண்டும். உங்களுக்கு 14க்கு 10, அல்லது 15க்கு 9 பக்கத்தில் வரும். புதிதாகப் போடும்போது 3600ஐச் சற்றுத் தாண்டும் அளவில் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அழுக்குப் பிடிக்கப் பிடிக்கச் சுற்று தானாக இறங்கும், நம் நீரில் அது நிச்சயம்.

பாய் விரித்து ஓடும்போது நிலையான மூன்று பிளேடு அரை நாட் அளவுக்கோ அதற்கு மேலோ இழுத்துப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மந்தம். வந்தால் சுமத்திராவிலிருந்து விடியற்காலையில் அடித்துப் பெய்யும் புயல்காற்று. இங்கே பாய்மரக்காரர்களும் பாதி வழி இன்ஜினில்தான் போகிறார்கள். நீங்களே கடிதத்தில் பங்கோர் பயணத்தில் பாய் விரித்தது அரை நாள் என்கிறீர்கள்.

மடங்கும் புரொப்பெல்லர் பந்தயக்காரர்களுக்கு வரம். முன்னோக்கித் தள்ளுவதில் குறை சொல்ல முடியாது. பின்னோக்கிக் கொடுக்கும்போது பொதுவாகப் பலம் குறைவு. கொட்டலசு மூட்டில் ஏறினால் பாதிதான் திறக்கும். ஐந்து மாதம் சுரண்டாமல் விடுகிறவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாயில் ஓடும்போது பிளேடுகள் எதிர்வரும் நீருக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும் வகையும் உண்டு. மேக்ஸ்-ப்ராப் அந்த வகை; பின்னோக்கி நன்றாகப் பிடிக்கும், பாயில் இழுக்காது. ஆட்டோப்ராப் இன்னும் ஒரு படி மேல்: சுமைக்கேற்பத் தன் பிட்ச்சைத் தானே மாற்றிக்கொள்ளும், எதிர்க்காற்றில் இன்ஜினோடு பாயும் சேர்த்து ஓட்டுகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). உதிரிப் பாகத்துக்கு வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கிள்ளான் ஆற்றில் மிதந்து வரும் கட்டையும் அறுந்த வலையும் அடித்தால் வயிறு எரியும். மூன்று பேர் பங்குபோட்டு வாங்கிய படகில் அந்தப் பணத்தை இங்கே போடத் தேவையில்லை. ஷாஃப்டில் கயிறு வெட்டும் கத்தி ஒன்று மாட்டுங்கள், இந்த ஆற்றுக்கு அது அதிகம் பயன்படும்.

தம்பியின் 40 குதிரை விஷயத்தில் நீட்டி முழக்க எதுவுமில்லை. 6.7 எல்லையை நெருங்க நெருங்க ஒவ்வொரு கால் நாட்டுக்கும் தேவைப்படும் சக்தி செங்குத்தாக ஏறும். ஐந்து டன்னுக்கு 20 போதுமானது. இரட்டிப்பாக்கினால் அரை நாட்தான் கூடும். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், இன்ஜின் மேடை எல்லாம் மாறும்.

நீர் பார்த்துக் கிளம்புவது

இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை, பலன் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம். கிள்ளானில் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வடிகிறது. ஒரு வடிதல் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓட்டம் உச்சம், அட்டமியை ஒட்டி மந்தம். நீங்கள் வந்தது மோசமான நாளின் மோசமான நேரம். வடிதலின் நடுவில் 3.5 நாட் ஓடும் நீர், திரும்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஏறத்தாழ பாதியாகிவிடும். அங்சா தீவுப் பக்கம் நங்கூரம் போட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால், அதே கொட்டலசு பிடித்த புரொப்பெல்லரோடு 3.3 நாட்டில் உள்ளே வந்திருப்பீர்கள். இன்னும் பொறுத்திருந்தால் ஏறும் நீரே தூக்கிவந்து விட்டிருக்கும்.

ஓத அட்டவணையைத் தேசிய நீராய்வு மையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் இருப்பது நீர்மட்டத்தின் நேரம் என்பதை மறக்காதீர்கள். ஆற்றுக்குள் மட்டம் ஏறத் தொடங்கிய பின்னும் ஓட்டம் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தே போகும். மேலே கனமழை பெய்திருந்தால் இன்னும் நீளும். உங்கள் துறையில் அந்தத் தாமதம் எவ்வளவு என்று நான்கைந்து முறை பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்நீரில் போயே ஆக வேண்டும் என்றாலும் முழு விசை வேண்டாம். டீசல் மிச்சம் பிடிக்க நீரில் போகும் வேகம் எதிர்நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். 3 நாட் நீருக்கு 4.5. அதற்குமேல் தள்ளுவது அவசரத்துக்கு மட்டும். அப்போதும் ஓரத்தைப் பிடியுங்கள், அங்கே ஓட்டம் குறைவு. சேற்றில் உட்காராமல் ஆழமானியைப் பார்த்துக்கொண்டே. கப்பல் வாய்க்காலின் நடுவில் 1.5 நாட்டில் ஊர்ந்ததாக நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை. இன்ஜின் ஓடினால், பாய் விரித்திருந்தாலும், சட்டப்படி உங்களுடையது இன்ஜின் படகுதான். அனைத்துலகக் கடல் விதி 9, குறுகிய வாய்க்காலில் 20 மீட்டருக்குக் குறைந்த படகு பெரிய கப்பலுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்கிறது. சரக்குக் கப்பலால் உங்களுக்காக விலகவும் முடியாது, நிற்கவும் முடியாது.

வீட்டு அம்மாவை அட்டமி நாளில், நீர் ஏறும் நேரத்தில், காலைப் பசியாறலுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மட்டும் கூட்டிப் போய்ப் பாருங்கள். அதற்கு முன் சுரண்டிய பிறகு முழு விசையில் வந்த சுற்று, இரு திசை வேகத்தின் சராசரி, பிளேடு நுனிக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அவை கையில் இருந்தால் 14க்கு 10ஆ, 15க்கு 9ஆ, அல்லது இருப்பதே போதுமா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.